நான் பார்க்காத கீறல்

ஒரு பையனின் முட்டியைப் பற்றி நான் பொய் சொன்னேன். 2019-ஆம் வருஷம், விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. பேச்சில் தோற்றுக்கொண்டிருந்தேன், அதற்காகச் சொன்னேன். கபடி அணிக்கு முதல் ஆளாக எந்தக் கல்லூரிப் பையனை எடுப்பது என்ற பேச்சு அது.

என் வேலையைச் சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரியும். இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு பட்டறையில் நான் தரம் பார்க்கிறவன். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கிற வெள்ளைக் களிமண்ணும் எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு வரும். மண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் சேர்த்து அரைத்து, உருட்டி, காயவைத்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தால் பீங்கான். சூளையிலிருந்து வண்டி வெளியே வந்து சூடு ஆறியதும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டுவேன். நல்ல சரக்கு ‘ணங்’ என்று கோயில் மணி மாதிரி நீளமாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே கீறல் இருந்தால் ‘டொக்’ என்று அங்கேயே அடங்கிவிடும். அவசரமாகக் காயவைத்த சரக்கில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் ஓடியிருக்கும். மேலே பூசிய பழுப்புப் பளபளப்பு அதை மூடியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. காது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒதுக்கியதை அப்படியே குப்பையில் எறிந்துவிட முடியாது. செய்தவர் வந்து கேட்பார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது சோற்றுப் பிரச்சினை. உடைத்து, உடைந்த முகத்தில் மை தடவி, ‘பாருங்க, இங்க ஏறியிருக்கு’ என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நல்ல சரக்கு என்று சேர்த்துவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் என் பிழைப்பு. கீறலைக் காட்டாமல் ஒரு ஃபியூஸ் கட்டையைக்கூட நான் ஒதுக்கியதில்லை.

கபடிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பொங்கல், மாசி மகம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் கபடி உண்டு. முந்திரிக்காட்டு ஊர்களில் வெளிச்சம் போட்டு விடிய விடிய ஆடுவார்கள். நானும் முப்பது வயது வரை ஆடினேன், பேர் சொல்லும்படி இல்லை. 2014-இல் புரோ கபடி லீக் டி.வி.யில் வந்ததிலிருந்து பையன்களின் பேச்சே மாறிவிட்டது. பாடிப் போகிறவன் ரைடர் ஆனான், பிடிக்கிறவன் கேட்சர் ஆனான், மண் தரைக்குப் பதில் மேட் கேட்டார்கள். 2017-இல் தமிழ் தலைவாஸ் வந்ததும் எங்கள் வட்டாரத்திலும் சிலர் கூடி, அதே மாதிரி எட்டு அணி சேர்த்து ஒரு லீக் நடத்தினார்கள். அதில் கல்லூரிப் பையன்களுக்கென்று ஒரு சுற்று. அவர்களுக்கு ஏலம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே சம்பளம். போன வருஷம் கடைசியாக வந்த அணி முதலில் கூப்பிடும், அடுத்ததாக ஏழாவது அணி, அப்படியே மேலே. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு பையன்.

2018-இல் கடைசியாக வந்தது எங்கள் அணிதான். முதல் கூப்பாடு எங்களுடையது.

இரண்டு பையன்கள் எங்கள் பேச்சில் இருந்தார்கள். ஒருவன் ஆறடி உயரம், ரைடர். கை நீட்டினால் எதிராளி எங்கே நின்றாலும் எட்டும். அவனை ஒரு கல்லூரி மைதானத்தில் முதலில் பார்த்தவன் நான். பார்த்த அன்றே டீக்கடையில் வந்து, ‘இந்த வருஷம் இவன்தான்’ என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாசமாக அதையே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இன்னொருவன் ஐந்தரை அடிதான். லெஃப்ட் கார்னரில் நிற்கும் கேட்சர். முந்திரிக்காட்டுக் கிராமம், அம்மா எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறொரு பட்டறையில் வேலை செய்கிறவர். அவன் ஆட்டத்தையும் நான் நாலைந்து தடவை பார்த்திருந்தேன். ரைடர் உள்ளே வந்ததும் மற்றவர்கள் கையை அசைத்துக்கொண்டு நகர்வார்கள். இவன் நகரவே மாட்டான். குனிந்து, ரைடரின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டு நிற்பான். போனஸ் கோட்டைத் தாண்ட அந்தக் கால் மேலே எழும்பும் அரை நொடி இருக்கிறதே, அதில் கணுக்கால் இவன் கைக்குள் இருக்கும். பிடித்தபின் விட்டு நான் பார்த்ததே இல்லை.

உண்மையைச் சொன்னால், அவன்தான் நல்ல ஆட்டக்காரன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்று ராத்திரி பேசினோம். அணியில் பேச்சு எடுபடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். வேலை முடிந்து, உடம்பில் மண்தூள் அப்படியே ஒட்டியிருக்க வந்து உட்காருவார்கள். நான் ரைடருக்குப் பேசினேன். குள்ளப் பையனுக்குப் பேசியவன் எங்கள் அணியிலேயே சின்னவன், இருபத்துநாலு வயது, உருளையில் வேலை. என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன், தொழிலில் பாதி என்னிடம் கற்றுக்கொண்டவன்.

முதல் ராத்திரி எனக்குத்தான் செல்வாக்கு. “ரைடர் இல்லாம பாயிண்ட் எங்கேருந்து வரும்? கூட்டம் எதுக்கு வருது, ரைடு பாக்கத்தான் வருது” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் ராத்திரி அந்த வருஷத்துப் புரோ கபடி ஏலக் கணக்கை எடுத்து வைத்தேன். சித்தார்த் தேசாயைத் தெலுங்கு டைட்டன்ஸ் 1 கோடியே 45 லட்சத்துக்கு எடுத்திருந்தது. “கேட்சருக்கு எவன்டா கோடி குடுக்குறான்?” என்று கேட்டேன். சின்னவன் அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடியிருக்கிறான். மூன்றாம் ராத்திரி வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

“அண்ணா, நேத்து கேட்டீங்களே. போன வருஷம் 2018 ஏலத்துல மொதமொதல்ல ஒரு கோடியத் தொட்டது ரைடர் இல்லண்ணா. ஈரான்காரர் ஃபாசல் அத்ராச்சலி. யு மும்பா எடுத்தாங்க. அவரு லெஃப்ட் கார்னர்.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அவன் நிறுத்தவில்லை. நம்மிடம் ரைடர் மூன்று பேர் இருக்கிறார்கள், போன வருஷம் நாம் தோற்ற ஆட்டத்தில் எல்லாம் கடைசி ஐந்து நிமிஷத்தில் பிடிக்க ஆள் இல்லாமல்தான் தோற்றோம் என்று ஒவ்வோர் ஆட்டமாகச் சொல்லிக்கொண்டே போனான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். ஒவ்வொருவராக அவன் பக்கம் திரும்புவது எனக்குத் தெரிந்தது. இரண்டு மாசம் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த பேச்சு, என்னிடம் வேலை கற்ற பையனால் பத்து நிமிஷத்தில் போகப்போகிறது.

அப்போதுதான் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன், அது இன்னும் கேவலம்.

“சொல்ல வேணாம்னு பாத்தேன். அந்தப் பையனுக்கு முட்டி சரியில்ல. ஜவ்வு போயிருக்கு.”

கபடி ஆடுகிறவர்களிடம் ஜவ்வு என்ற சொல்லைச் சொன்னால் போதும். அதன் பிறகு யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், “சேரலாதனைப் பாருங்க, 41 வயசுல பாட்னாவுக்குக் கேப்டனா நின்னு 2016-ல கோப்பை வாங்கினாரு, அவர் முட்டி பாக்காத அடியா?” என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். நான் கையை அசைத்து, “அது வேற, இது வேற” என்றேன். அத்தோடு முடிந்தது.

நான் பார்த்தது என்ன தெரியுமா? அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு, ஒரு காலை நேரத்தில், அந்தப் பையன் தொழிற்பேட்டைக்குள் நொண்டிக்கொண்டு நடந்து போனான். அவ்வளவுதான். காலில் செருப்பு இல்லை. குதிகாலில் துணி சுற்றியிருந்தது. துணி குதிகாலில்தான் இருந்தது என்பது சொல்லும்போதே எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் குதிகாலை நான் முட்டிக்கு ஏற்றினேன்.

டீக்கடைப் பேச்சு டீக்கடையோடு நிற்பதில்லை. தேர்வு நாளுக்குள் எட்டு அணிக்கும் போய்விட்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஆறடிப் பையனைக் கூப்பிட்டோம், கைதட்டல். அப்புறம் ஒவ்வோர் அணியாக, முதல் சுற்று, இரண்டாம் சுற்று. பதினாறு பேர். பேர் கேட்டதும் எழுந்து வந்து பனியன் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குள்ளப் பையன் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஷூ வைத்த பையோடு உட்கார்ந்திருந்தான். பத்தாவது பேர் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முடிந்தபின் நாற்காலிகளை அடுக்க அவனும் கூட நின்று கை கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுவாரம் அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். பட்டறை வாசலில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அண்ணே, நீங்கதான் ஆட்டம் தெரிஞ்சவரு. எம்புள்ளகிட்ட என்னா குறை? சொன்னீங்கன்னா திருத்திக்குவான். எனக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு என் வேலைக்கு அவன் வந்து சூளை வண்டி இறக்குனான். சூடு ஆறாத தட்டு மேல கால வச்சிட்டான். நொண்டிக்கிட்டுத் திரிஞ்சானே, அதப் பாத்துட்டுத்தான் எடுக்கலயா?”

அந்த நிமிஷம் என் கையில் இருந்தது. எட்டு அணிக்கும் போன் போட்டிருக்கலாம். லீக் தொடங்க இருபது நாள் இருந்தது. அடிபட்டவனுக்கு மாற்றாள் எடுக்க விதியும் இருந்தது. நான் சொன்னது, “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்.” அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். முதல் பொய்யாவது கோபத்தில் வந்தது. இரண்டாவதை நிதானமாக, எல்லாம் தெரிந்தபின், நேருக்கு நேர் நின்று சொன்னேன்.

அடுத்த வருஷம் 2020. மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். லீக் நடக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. பையன் படிப்பை முடித்துச் சென்னைக்குப் பார்சல் குடோன் வேலைக்குப் போனான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்க ஒரு சான்றிதழாவது வேண்டும். எங்கள் லீக் சான்றிதழுக்கு அரசு மதிப்பு இல்லை, ஆனால் எங்கள் லீக்கைப் பார்க்கத்தான் மாவட்ட அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து உட்காருவார்கள்.

நாங்கள் எடுத்த ஆறடிப் பையன் நன்றாகவே ஆடினான். அணி மூன்றாவதாக வந்தது. அதனால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ‘அண்ணன் கண்ணு தப்பாது’ என்றுகூடப் பேசினார்கள். என் தப்பு வெளியே வந்து நான் அவமானப்பட்டிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். எனக்குக் கிடைத்தது மரியாதை.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் லீவில் வந்தபோது அங்கே நடக்கும் அமெரிக்கக் கால்பந்துத் தேர்வைப் பற்றிச் சொன்னான். 1936-இல் ஆரம்பித்ததாம். அங்கேயும் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் கூப்பாடு. கல்லூரிப் பையன்களில் யார் முதல் என்று மாசக்கணக்கில் நாடே சண்டை போடுமாம். 1998-இல் பெய்டன் மானிங்கா, ரையன் லீஃபா என்று இரண்டு பேரை வைத்து ஒரே வாதம். இண்டியானாபொலிஸ் அணி மானிங்கை எடுத்தது, அவர் பெரிய ஆளாகிவிட்டார். இரண்டாவதாகப் போன லீஃப் சில வருஷத்தில் காணாமல் போனார். 2000-ஆம் வருஷம் 199-ஆவது ஆளாக எடுத்த டாம் பிரேடி ஏழு கோப்பை வாங்கினார். இதையெல்லாம் கேட்டு நானும் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன், “மாமா, தேர்வு நெருங்குறப்போ அணிகளே வேணும்னு பொய்ய கிளப்பிவிடுவாங்க. இவனுக்குத் தோள்பட்ட போச்சு, அவனுக்கு முட்டி போச்சுன்னு. ஆனா அங்க எல்லா அணி டாக்டரும் ஒரே இடத்துல வச்சி பையன்களப் பரிசோதிக்கிறாங்க” என்றான். அவனுக்கு அது சுவாரசியமான செய்தி. நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். எங்கள் பையனின் முட்டியைத் தொட்டுப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தாரா? இருந்ததெல்லாம் என் வாய்தான்.

2022 அக்டோபர் வந்தது. பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்திருந்தது. அதுவரை அவ்வளவு தொகைக்கு யாரும் போனதில்லை. அதே டீக்கடையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதல் ஆட்டத்திலேயே பவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. கடையே கப்சிப். அப்போது ஒருவன் சொன்னான், “அன்னிக்கே அண்ணன் சொல்லல? முட்டின்னு வந்துட்டா அவ்ளோதான். அண்ணன் அன்னிக்குத் தடுக்கலன்னா நாமளும் அப்படித்தான் ஏமாந்திருப்போம்.” எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சின்னவனும் ஆட்டினான். என்னை எதிர்த்து அத்ராச்சலியைத் தேடிக் கொண்டுவந்தவனும் என் பொய்யை நம்பித் தலையாட்டினான்.

அந்த சீசனில் பவன் இடத்தை நிரப்பியது நரேந்தர். அதுவரை பேரே கேள்விப்படாத, முதல் சீசன் ஆடிய பையன். 200-க்கு மேல் ரைடு பாயிண்ட் எடுத்தார். தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. அதே வருஷம்தான் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் இறுதி வரை வந்த இரண்டு அணிகளின் 24 பையன்களையும் புரோ கபடி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். கல்லூரியிலிருந்து நேரே அங்கே போகக் கதவு திறந்த வருஷம். குள்ளப் பையன் அங்கே போயிருப்பான் என்று நான் சொல்லவில்லை. போயிருக்க மாட்டான் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு, சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்டது. சுந்தரர் எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எனக்கு அதில் வேறொரு இடம்தான் நினைவில் நிற்கும். ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு வைத்து உரைத்துப் பார்த்தார்கள். சாமி கொடுத்த பொன்னுக்கே அந்தச் சோதனை. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று இன்றும் இருக்கிறார். பொன் கொடுத்த அந்தச் சாமியின் ஊர்க்காரன் நான், அதிலும் தரம் பார்க்கிற வேலைக்காரன்.

டி.வி. பார்த்த அந்த ராத்திரிக்குப் பிறகும் பல மாசம் ஆனது எனக்கு வாய் திறக்க. முதலில் சின்னவனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் அப்பவே உங்களக் கேட்டிருக்கணும்ணா” என்றான். தப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டான். அது என் தப்பு, உன்னுது இல்லை என்று அவனுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பெஞ்சில் எல்லோர் முன்னும் சொன்னபோது, பழைய கதை விடுங்க என்று பேச்சை மாற்றப் பார்த்தார்கள். மாற்ற விடவில்லை. சேரலாதன் பேரைச் சொன்ன பெரியவர் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். இன்றுவரை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செய்வது சரி.

பையனிடம் போனில்தான் சொன்னேன். நேரில் போக நினைத்து இரண்டு தடவை சென்னை ரயிலுக்கு ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். டீக்கடை, மூன்று ராத்திரி, ஜவ்வு, அவன் அம்மாவிடம் சொன்ன பதில், எதையும் குறைக்காமல் சொன்னேன். பின்னால் குடோனில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“எந்த முட்டிண்ணா?” என்று கேட்டான்.

“என்னாப்பா?”

“எந்த முட்டி போச்சுன்னு சொன்னீங்க? இடதா, வலதா?”

நான் யோசித்துப் பார்த்தேன்.

“எதுன்னு சொல்லலப்பா.”

“யாருமே கேக்கலயா?”

“கேக்கல” என்றேன்.